உறையாத சிவப்பு

இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஜெல்லி வைக்கிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். மேசை அசைந்தால் அதுவும் ஆடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் சர்க்கரை வியாதியைச் சொல்லி அதை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் இரண்டு லட்டு தின்பவர்கள்தான். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் தொட மாட்டேன். பக்கத்து இலைக்காரர்கள் கேட்டால் பிடிக்காது என்று சொல்லிவிடுவேன். அது பொய். அதைப் போல எனக்குப் பிடித்த பண்டம் வேறு எதுவும் இருந்ததில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. பாப்பாரப்பட்டியிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளிய ஊர். வேதக்காரர் தெருவில் முப்பது வீடுகள், தெருக்கோடியில் மாதா கோயில். சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறு பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும் எங்களைக் குட்டுவதும் உபதேசியாரின் வேலை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவார். அவரைக் கோபக்காரர் என்று சொல்ல முடியாது. கை நீட்டியதும் குறைவு. ஆனால் அவர் கண்ணைப் பார்த்து யாராலும் பொய் சொல்ல முடியாது என்று ஊரே சொல்லும். நான் சொன்னேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வருடம் மாசியில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வரும், விடும், மறுபடி வரும். ஆள் வெளுத்துக்கொண்டே போனான். யாரும் அடிக்காமலே கையிலும் காலிலும் நீலநீலமாகக் கன்றியிருக்கும். ஈறில் இரத்தம் கசியும். தர்மபுரிக்குத் தூக்கிப்போய்க் காட்டினார்கள். ஒரு பாட்டில் டானிக் கொடுத்து அனுப்பினார்கள். களி தொண்டையில் இறங்கவில்லை. கஞ்சி ஈறில் பட்டால் எரிகிறது என்று அழுவான். அம்மா சங்கை வைத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றுவாள், அவன் வாயை இறுக மூடிக்கொள்வான். பல வருடங்கள் கழித்து ஒரு டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, இரத்தத்தில் வரும் நோயாக இருந்திருக்கும், அந்தக் காலத்தில் எங்கே கொண்டுபோயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். எங்களுக்கு அப்போது மாதாவைத்தான் தெரியும்.

விபூதிப் புதனன்று அப்பா கோயிலில் முழந்தாள் போட்டு ஒரு பொருத்தனை செய்தார். ஈஸ்டர் பண்டிகையான பாஸ்கு வரைக்கும், தபசு காலம் முழுக்க, இந்த வீட்டில் ஒருத்தர் வாயிலும் மாமிசம் படாது. பையன் பிழைக்க வேண்டும். ஊரில் மற்றவர்கள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கறி தொட மாட்டார்கள். எங்கள் வீட்டில் நாற்பது நாளும். கருவாடு, முட்டைகூடக் கிடையாது. அம்மா கருவாட்டுச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் கவிழ்த்துவிட்டாள்.

"ஒருத்தர் மொறிச்சாலும் எல்லாரும் மொறிச்ச கணக்குதான்" என்றார் அப்பா. சொன்னது எல்லோருக்கும், பார்த்தது என்னை. வீட்டில் வெல்லம் குறைந்தால் முதலில் என்னைத்தான் நாக்கை நீட்டச் சொல்வார்கள். அப்படி ஒரு பேர் எனக்கு.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சேலத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அங்கே ஒரு கன்னியர் மடத்துக் குசினியில் சமையல் வேலை. வருடத்துக்கு ஒரு தரம் பாஸ்குக்கு வருவாள். வந்தால் தெருவுக்கே தெரியும். தட்டை 'பிளேட்' என்பாள், கரண்டியை 'ஸ்பூன்' என்பாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அத்தைக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் பெருமைப்பட அவளிடம் வேறு என்ன இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வந்ததும் பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடி டம்ளர், மூன்று சின்னக் கலர் புட்டி, ரோஸ் எசன்ஸ், பிறகு வழவழப்பான ஓர் உறை எல்லாவற்றையும் பாயில் பரப்பினாள். உறைக்குள் மெல்லிய கண்ணாடித் தாள்கள் இருந்தன. தாளில் கட்டம் கட்டமாகக் கோடு. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் வேப்பமரம் தெரிந்தது.

"எங்க மடத்து வெள்ளக்கார அம்மா குடுத்துவுட்டாங்க. அவங்க ஊர்லேருந்து கப்பல்ல வந்தது. ஜெல்லி செய்யறது" என்றாள், வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும் கேட்கிற மாதிரி.

தம்பி படுத்தபடியே கேட்டான். "ஜெல்லின்னா என்ன அத்த?"

"கலர் கலரா இருக்கும் சாமி. மெல்லவே வேண்டாம். வாயில போட்டா ஜில்லுனு தானா எறங்கிரும்."

"எத்தன கலரு?"

"அஞ்சு."

"அஞ்சும் ஒண்ணா கலந்துருமா?"

"கலக்காது. ஒண்ணு மேல ஒண்ணு அதது எடத்துல நிக்கும்."

"பொய்யி" என்றான் தம்பி. ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் தானாக எழுந்து உட்கார்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. அப்பா வாசல்படியில் நின்று அதைப் பார்த்தார்.

ஞாயிறு மதியம் முதல் அடுக்கு, சிவப்பு. தாள்களைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டதும் அவை கையில் நிற்காமல் வழுக்கின. இளஞ்சூட்டில் கரைத்துச் சர்க்கரை போட்டபோது லேசாக ஒரு வாடை எழுந்தது. "தச்சன் வச்சிரம் காய்ச்சற வாட அடிக்குதே" என்றாள் அம்மா. மரம் ஒட்டும் அந்த வச்சிரம் எதிலிருந்து வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்தை நாலு சொட்டு ரோஸ் எசன்ஸ் விட்டாள், வாடை அடங்கிவிட்டது. சட்டியைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் புதைத்து மூடினாள்.

சாயங்காலம் பார்த்தோம், தண்ணீர். விளக்கு வைத்த பிறகு பார்த்தோம், தண்ணீர். மறுநாள் காலையிலும் அது சிவப்புத் தண்ணீராகவே இருந்தது. பங்குனி வெயில் அப்படி. மடத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. அத்தை அதற்குள் வைத்து எடுத்துத்தான் பழகியிருந்தாள். ஐஸ் இல்லாமல் அது உறையாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. அம்மாவும் அப்பாவும் காட்டுக்கு எரு அடிக்கப் போயிருந்தார்கள்.

"கண்ணு, இதக் கொண்டுபோய் முருங்க மரத்தடியில ஊத்திட்டு வா. யாரும் பாக்க வேண்டாம்" என்றாள் என்னிடம்.

கொண்டுபோனேன். புழக்கடையில் யாரும் இல்லை. சட்டி நிறையச் சர்க்கரை, ரோஸ் வாசனை, அந்தச் சிவப்பு. மண்ணுக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ஒரு மிடறு குடித்தேன். பிறகு உட்கார்ந்து பாதிச் சட்டியைக் குடித்தேன். மீதியை ஊற்றிவிட்டு, பாவாடையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பானைத் தண்ணீரில் நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அதில் அப்போது எனக்கு இருந்த பயமெல்லாம் திருட்டுத்தீனிப் பயம்தான்.

பக்கத்து வீட்டு அக்காவைத் தம்பிக்குத் துணை வைத்துவிட்டு அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டிக்கு நடந்தாள். மளிகைக்கடை பாய்தான் வழி சொன்னார். "கடல்பாசி இருக்குதும்மா. நோன்புக்கு வாங்குனதுல ரெண்டு கட்டு மீந்து கெடக்குது. ஐஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். காய்ச்சி நெழல்ல வெச்சா கல்லாட்டம் நிக்கும்." வெள்ளை நூல்கண்டு மாதிரி, எடையே இல்லாமல் இருந்தது. கடலில் முளைக்கும் பாசி என்றார். அத்தை வழியெல்லாம், "ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஊர் எல்லையில் நின்று என் தாடையைப் பிடித்தாள்.

"ஊத்துனத யார்கிட்டயும் சொல்லாத, என்ன? வெள்ளக்கார அம்மா குடுத்ததுலதான் செஞ்சதுனு இருக்கட்டும். இவ்ளோ சொல்லிட்டு இப்ப பாய் கடைப் பாசின்னா உங்கம்மா சிரிப்பாங்க."

"சரிங்க அத்த" என்றேன். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

அன்று அத்தை செய்ததை இன்றும் என் கை செய்துவிடும். பாசியை ஊறவைத்துக் கரையும் மட்டும் காய்ச்சி, ஐந்து கிண்ணத்தில் பிரித்து, அடுப்புச் சாம்பல் சூட்டில் வரிசையாக வைத்தாள். இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை, ஒன்றில் பால், ஒன்றில் காப்பி டிகாக்ஷன். ஈர மணலில் டம்ளரை நிறுத்தி முதலில் பச்சையை ஊற்றினாள். அது இறுகும்போது புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டக்கூடாது, பிசுபிசுப்பு இருக்க வேண்டும். முன்னாடியே ஊற்றினால் இரண்டு கலரும் கலந்துவிடும். தாமதித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கழன்றுவிடும். அத்தை பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்பூனின் பின்பக்கத்தில் வழியவிட்டு ஊற்றினாள். அவள் பெருமையில்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

தம்பி டம்ளரை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தான். பச்சையும் மஞ்சளும் அவன் கன்னத்தில் விழுந்தன. விரலால் டம்ளரைத் தட்டினான்.

"ஆடுது!" என்றான். "அத்த, ஆடுது, ஆனா கலக்கல!"

அன்றைக்கு முக்கால் டம்ளர் தின்றான். அம்மா சுவரோரம் திரும்பி நின்று அழுதாள். ஒவ்வொரு கலராகச் சுரண்டி, கலர் பேரைச் சொல்லிச் சொல்லித் தின்றான். அம்மாவுக்கு ஊட்டினான், எனக்கு ஊட்டினான். அப்பா குனிந்து அவன் முன்னால் உட்கார்ந்தபோது, "அப்பாவுக்குச் செவப்பு" என்று ஊட்டிவிட்டான். "இதுல என்னம்மா போடறாங்க?" என்று அப்பா கேட்டார். "சக்கரையும் கலருந்தாங்கண்ணா" என்றாள் அத்தை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், கப்பலில் வந்தது, வெள்ளக்கார அம்மா கொடுத்தது என்றாள். யாரோ அந்த உறையைக் கேட்டு வாங்கி மோந்துகூடப் பார்த்தார்கள்.

செவ்வாய் தின்றான். புதன் தின்றான். புதனன்று தெருவாசல் வரைக்கும் நடந்தான். அப்பா கோயிலுக்குப் போய் ஒரு கட்டு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணியைக் கட்டிவிடுவார்கள். பாஸ்கு வரைக்கும் மணிச்சத்தம் கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை காலையில் தம்பி மூக்கிலிருந்து இரத்தம் வர ஆரம்பித்தது. துணி மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். நிற்கவே இல்லை. வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. துக்கமணிகூட அடிக்க வழியில்லை. உபதேசியார் கோயில் வாசலில் நின்று கட்டையைத் தட்டினார், டக், டக் என்று. இன்றைக்கும் யாராவது கதவைக் கட்டையால் தட்டினால் எனக்கு உடம்பு தூக்கிப்போடும். பூசை இல்லாமல் அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் பாஸ்கு. ஊர் முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. எங்கள் வீட்டில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். துக்கம் கேட்க வந்த உபதேசியார், மாடக்குழியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அத்தை பத்திரமாக வைத்திருந்த உறையைப் பார்த்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர்.

"இது ஜெலட்டினுங்களே. சாமியாருங்க குசினியில பாத்துருக்கறேன். மாட்டு எலும்பக் காய்ச்சி எடுக்கறது. இதயா நீங்க தபசுல சாப்புட்டீங்க?"

அப்பா மெதுவாகத் தலையைத் தூக்கினார். அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, நாம தின்னது அது இல்லீங்க. அது ஒறையவே இல்ல. ஊத்தியாச்சு. நம்ம தின்னது பாய் கடையில வாங்குன கடல்பாசி."

"வெள்ளக்கார அம்மா குடுத்ததுனு ஊருக்கே சொன்னியே."

"பெருமைக்குச் சொன்னங்கண்ணா. பாயக் கேட்டுப் பாருங்க."

"பாய்கிட்ட வாங்கிருப்ப. அதுல இதக் கலக்கலன்னு பாய்க்கு எப்டித் தெரியும்?"

"மடத்துல அம்மாமாருங்களே வெள்ளிக்கெழம இதத் திங்கறாங்களே..."

"அது அவங்க சட்டம். இது இந்த வூட்டுப் பொருத்தன" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை.

அத்தை என்னைப் பார்த்தாள். "புள்ளயக் கேளுங்க. அவதான் ஊத்துனா. சொல்லு கண்ணு."

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அத்த அத ஊத்தச் சொன்னாளா? நீ ஊத்துனியா?"

எலும்பு என்று உபதேசியார் சொன்ன நிமிடத்திலேயே எனக்கு அந்தச் சிவப்புத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டியில் பாதி என் வயிற்றுக்குள் போயிருந்தது. ஊற்றினேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். என் நாக்கின் பேர் அப்படி. ஒருத்தர் முறித்தாலும் எல்லோரும் முறித்த கணக்கு. அப்படியானால் தம்பியைக் கொன்றது நான். ஒன்பது வயதில் எனக்கு அது இரண்டும் இரண்டும் நாலு என்பது போல அத்தனை தெளிவாக இருந்தது.

"தெரியாதுங்கப்பா" என்றேன், அவர் கண்ணைப் பார்த்தே.

அத்தை என் பாவாடையைப் பிடித்து இழுத்துக் கேட்டிருக்கலாம், பொய் சொல்கிறாயா என்று அறைந்திருக்கலாம். வாயைத் திறந்து அப்படியே நின்றாள். அம்மா எழுந்துபோய் அந்தக் கண்ணாடி டம்ளர் இரண்டையும் எடுத்து வாசலில் போட்டு உடைத்தாள்.

"நீ கெளம்பு" என்றார் அப்பா அத்தையிடம். "இனி இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

அவள் பெட்டியோடு தெருவில் போனபோது எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் சுருக்கம்தான். அத்தை வரவே இல்லை. என் புதுநன்மைச் சடங்குக்கு வரவில்லை, கல்யாணத்துக்கு வரவில்லை. மடத்திலேயே இருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் நான் திருட்டுத்தீனி, பொய் என்று மொத்தமாகச் சொல்லிவிடுவேன். எந்தத் தீனி, எந்தப் பொய் என்று சாமியார் கேட்டதில்லை. கல்யாணமான பிறகு ஒரு இளம் சாமியாரிடம் ஜெலட்டின் மாமிசத்தில் சேருமா என்று கேட்டேன். "அதெல்லாம் சேராதுங்க. இதுக்கா இவ்ளோ யோசிக்கிறீங்க?" என்று சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். ஆக, அப்பா முறித்ததாக நினைத்ததும் முறிவு இல்லை, நான் முறித்ததும் முறிவு இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அத்தை மட்டும் போய்விட்டாள். கனவில் தம்பி வருவான், பச்சைக் கன்னத்தோடு. ஒன்றும் கேட்க மாட்டான். தட்டிக்கொண்டே இருப்பான்.

எழுபதுகளின் கடைசியில் அப்பா படுக்கையில் விழுந்தார். நுரையீரலில் நீர். நான் பிறந்த வீட்டுக்கு வந்து தங்கியிருந்தேன். யார் சொல்லியனுப்பினார்களோ, ஒரு நாள் மத்தியான பஸ்ஸில் அத்தை வந்துவிட்டாள். தலை பாதி நரைத்திருந்தது. வாசல்படிக்கு வெளியே, தெருவோரக் கல்லில் பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணன் கூப்புட்டா உள்ள வர்றேன். போய்ச் சொல்லு கண்ணு" என்றாள்.

உள்ளே போய்ச் சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"இத்தன வருசமா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு அவ சொன்னது நெசமா? நீதான் ஊத்துனியா? நெசமா இருந்தா சொல்லு, நானே எந்திரிச்சுப்போய் அவளக் கூட்டிட்டு வர்றேன்."

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆமாம் என்றால், இத்தனை வருடம் கூடப்பிறந்தவளை அநியாயமாக விரட்டி வைத்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு சாவாரே என்று ஒரு நினைப்பு வந்தது. அவருக்காகத்தான் யோசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அந்தக் கண் இரண்டும் என்னைப் பார்த்தபோது எனக்கு அதே பயம் வந்தது, அவ்வளவுதான்.

"ஞாபகமில்லீங்கப்பா. நான் அப்ப சின்னப் புள்ள."

அப்பா கையை விட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளியே வந்தேன். அத்தை எழுந்து நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பா தூங்கறாருங்க அத்த" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்று போலவே என் தாடையைப் பிடித்தாள்.

"போவட்டும் வுடு. உன்னய நான் ஒண்ணும் நெனைக்கல கண்ணு. நீ என்ன பண்ணுவ பாவம், சின்னப் புள்ள."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.